கஸ்பார் டாக்டர் கத்தியைக் கொடுத்த கதை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. வாசல் பலகையில் எழுதியிருந்தார்கள். யாரும் அதைச் சொன்னதில்லை. திண்டுக்கல் பேகம்பூர்த் தோல் வியாபாரி ஒருவர் தன் பழைய கிடங்கைத் தர்மத்துக்கு எழுதிவைத்து, இருபது கட்டில் போட்டு, 1951-இல் ஆரம்பித்த கண் ஆஸ்பத்திரி அது. ஊர் அதைத் ‘தோல்கிடங்கு ஆஸ்பத்திரி’ என்றது. வெளியூருக்குப் போவதற்குள் அது ‘தோல் ஆஸ்பத்திரி’ என்று சுருங்கிவிட்டது. வாரத்துக்கு நாலு பேராவது சொறி சிரங்கோடு பஸ் ஏறி வந்து என் மேஜை முன்னால் நிற்பார்கள். நான் அங்கே சீட்டு எழுதும் கிளார்க், பெயர் ஆரோக்கியதாஸ். இவ்வளவு தூரம் வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனம் வராமல், கண்ணையாவது காட்டிவிட்டுப் போங்கள் என்று உள்ளே அனுப்புவேன். பாதிப் பேருக்குக் கண்ணிலும் ஏதாவது இருக்கும்.

உள்ளே இருந்தவர் கஸ்பார் டாக்டர். திண்டுக்கல்காரர்தான். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மதராஸில் படித்து, அங்கேயே பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்து நாலு வயதில் ஊர் திரும்பியவர். கண்புரை எடுப்பதில் அவர் கைக்கு இணையான கை மதுரை ஜில்லாவில் கிடையாது என்று சொல்வார்கள். முதலில் அப்படிச் சொன்னவர் அவர்தான். ஆனாலும் அது உண்மை. ஊசி போல ஒல்லியான கத்தியைக் கருவிழியின் ஒரு ஓரத்தில் நுழைத்து, மறு ஓரத்தில் முனையை வெளியே கொண்டுவந்து, மேல்நோக்கி ஒரே இழுப்பு. தயிரில் கரண்டி போகிற மாதிரி இருக்கும் என்பாள் எங்கள் அக்கா புஷ்பமேரி. ஆபரேஷன் அறைக்கு அவள்தான் சிஸ்டர். இந்தக் கதையில் அந்த அறைக்குள் நடந்ததெல்லாம் அவள் பார்த்தது. வெளியே நடந்தது நான் பார்த்தது.

அந்தக் கைக்கு டாக்டர் கொடுத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. காய்கறிப் பையைத் தூக்க மாட்டார். யாரோடும் கை குலுக்க மாட்டார். பிஷப் வந்தபோதுகூடக் கும்பிட்டுத்தான் நின்றார். வீட்டில் சாவி போட்டுத் திறப்பதெல்லாம் அவர் மனைவி அல்போன்சா அம்மாதான். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தும் ஒரு பூட்டைத் தன் கையால் திறக்காத மனிதர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

1953-இல், இளம் டாக்டர்களுக்கு இங்கே ஆபரேஷன் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தர்மகர்த்தாக்கள் தீர்மானம் போட்டார்கள். டாக்டர் உடனே சம்மதித்தார். வருஷத்துக்கு ஒருவர் இருவராக வந்து சேர்ந்தார்கள். முதல் நாளே அவர்களைக் கசாப்புக்கடை முகமது பாரூக்கிடம் அனுப்பிவைப்பார். திண்டுக்கல்லில் பிரியாணிக்கு அறுபடுகிற ஆடுகளுக்குக் குறைவில்லை. தினமும் காலையில் பாரூக் ஒரு தகர டப்பாவில் ஆட்டுக்கண்களைப் போட்டு மூடி அனுப்புவார். பையன்கள் அதை மெழுகில் பதித்து வைத்து அறுப்பார்கள், தைப்பார்கள், மறுபடி அறுப்பார்கள். மனிதக் கண் வரும்போது மட்டும் கத்தி டாக்டர் கையில் இருக்கும், டார்ச் லைட் அவர்கள் கையில் இருக்கும்.

இது ஆறு மாதம் நடந்தால் பயிற்சி. இரண்டு வருஷம் நடந்தது. யாராவது தயங்கித் தயங்கிக் கேட்டால் டாக்டரிடம் பதில் தயாராக இருக்கும்.

“மனுசனுக்குக் கண்ணு ரெண்டுதான்ப்பா. நீ கத்துக்கிறதுக்குன்னு மூணாவதா ஒண்ணு எவனும் வச்சிருக்கலை.”

அதற்கு மேல் பேச முடியாது. பேச முடியாத பதில்களை அவர் நிறைய வைத்திருந்தார்.

ஆட்டுக்கண் விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. வேடசந்தூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் சடையாண்டி என்பவர் எங்களிடம் புரை எடுத்துக்கொண்டு பார்வையோடு போனார். போகிற வழியெல்லாம், டாக்டர் தனக்கு ஆட்டுக்கண் வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். “முன்னெல்லாம் பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது. இப்ப ஆடு எங்க பாக்குதோ அங்க எனக்கும் தெரியுது.” அடுத்த மாதம் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. ஒரு அம்மாள் தன் வீட்டுக் கிடாயையே கயிற்றில் பிடித்து வந்து, கடையில் வாங்குகிற ஆட்டை நம்ப முடியாது, இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். டாக்டருக்குக் கோபம் வந்தது. ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினார். விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டவர்கள், அப்படியானால் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். அக்கா சொன்னாள், “டாக்டர், நீங்க பேசாம இருந்தாலே பாதிப் பேருக்குப் பார்வை வந்துரும்.” அவர் பேசாமல் இருக்கவில்லை.

அந்த நாட்களில் பயிற்சியில் இருந்தவர் பவுல்ராஜ். நல்ல பையன், விரல்கள் நீளம். இரண்டு வருஷத்தில் நானூறு ஆட்டுக்கண்களுக்கு மேல் அறுத்திருந்தார். மனிதக் கண் ஒன்றுகூட இல்லை. விடைபெறும் நாளில் சர்டிபிகேட்டுக்காக என் மேஜைக்கு வந்தார். டாக்டர் எழுதியிருந்தது: ‘இரண்டு ஆண்டுகள் உடனிருந்து கவனமாகப் பார்த்தார்.’ பவுல்ராஜ் அதை இரண்டு தடவை படித்தார்.

“தாஸ், மாட்டாஸ்பத்திரியில எடம் இருந்தாச் சொல்லுங்க. இந்த சர்டிபிகேட்டுக்கு அங்கதான் மதிப்பு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு வேறு ஊரில் வேறு ஒருவரிடம் முதலிலிருந்து கற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

1960 வாக்கில் டாக்டருக்குத் திடீரென்று எல்லாவற்றின்மேலும் குறை வந்தது. கரண்ட் சரியில்லை என்றார். பல்பை மாற்றினோம். டார்ச்சுக்கு வாரத்துக்கு ஒருமுறை புது பாட்டரி போட்டோம். பட்டுநூல் முன்னைப்போல் இல்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்றார். பக்கத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பின் புகை அறைக்குள் வருகிறது என்று மேற்கு ஜன்னலை ஆணி அடித்து மூடச் சொன்னார். ஒருநாள் அவர் கத்தரியை எடுக்கக் கை நீட்டியபோது, கத்தரிக்கு ஒரு விரல் தள்ளி வெறும் துணியைப் பிடித்ததை அக்கா பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கத்தரியை நகர்த்தி அவர் விரலுக்குள் வைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் அவளே கையில் கொடுத்தாள்.

வாசற்படியில் கால் வைக்கும்போதே இவருக்கு வலது கண்ணில் புரை, அவருக்கு இடது கண்ணில் என்று சொல்லிவிடுகிற மனிதர். தன்னுடையதை மட்டும் அவர் பார்க்கவில்லை. காலையில் முகம் மழிக்கிற கண்ணாடியையும் மாற்றிவிட்டதாக அல்போன்சா அம்மா சொன்னார், ரசம் போய்விட்டதாம்.

இதுவரை சிரிப்பதற்கு இடம் இருக்கிறது. தாடிக்கொம்பிலிருந்து முனியப்பன் வந்தபோது இல்லை. பூந்தோட்டம் வைத்திருந்தவர். அவருக்கு அறுக்கும்போது இழுப்பு ஒரு நூல் ஆழமாகப் போய்விட்டது. கண்ணுக்குள்ளிருக்கும் கூழ் போன்ற நீர் வெளியே வந்துவிட்டது. அந்தக் கண் திரும்பவில்லை. இருபதில் ஒன்று இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். அதுவும் உண்மைதான், அந்தக் காலத்தில் ஆகும். ஆனால் அவர் கையில் ஒன்பது வருஷமாக ஆகவில்லை. முனியப்பன் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். தன் விதி என்றார். அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

“அது அவரு விதி இல்லைடா, தாசு. எனக்குத் தெரிஞ்சிருந்தும் நான் வாயத் தொறக்கலை” என்றாள்.

மறுநாள் முதல் அவள் ஆபரேஷன் பட்டியலைக் குறைத்தாள். கொதிகலன் ரிப்பேர், துணி காயவில்லை, மருந்து வரவில்லை என்று வாரத்துக்கு ஒரு காரணம். டாக்டரிடம் நேராகச் சொல்லும் துணிவு எங்கள் யாருக்கும் வரவில்லை. வந்தது ஒச்சம்மாளுக்குத்தான்.

ஒச்சம்மாள் வேடசந்தூரை ஒட்டிய கிராமத்துக்காரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இடது கண்ணில் டாக்டர் புரை எடுத்திருந்தார். இப்போது வலது கண்ணுக்காக வந்திருந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். டாக்டர் டார்ச்சை அடித்து அவள் முகத்துக்கு வெகு அருகில் குனிந்தார். நான் சீட்டோடு பக்கத்தில் நின்றேன். அவர் அவளைப் பார்க்க, அவள் அவரைப் பார்த்தாள்.

“அய்யா, ஒங்க வலது கண்ணுல பூ விழுந்திருக்கே” என்றாள்.

டாக்டர் நிமிரவில்லை. “வெளிச்சத்துல ஒனக்கு அப்படித் தெரியுது.”

“இல்லைங்கய்யா. எனக்கும் மொதல்ல இப்படித்தேன், பாலாடை மாதிரி இருந்துச்சு. இது நீங்க குடுத்த கண்ணு. நல்லாத் தெரியுது.”

அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு என்னிடம், “நாளைக்கு ஆபரேஷன்னு எழுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது பயிற்சியில் இருந்தவர் நல்லுசாமி. ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி மகன். பெரிய கை, தடித்த விரல். ‘அது மண்வெட்டி பிடிக்கிற கை, தப்பி இங்கே வந்துவிட்டது’ என்று டாக்டரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை டாக்டர் வழக்கம்போல் கை கழுவிவிட்டு வந்து, ஒச்சம்மாளின் தலைமாட்டில் நிற்காமல் ஒதுங்கி நின்றார்.

“நல்லுசாமி, டார்ச்சை சிஸ்டர்கிட்ட குடு. கத்தியை எடு.”

“சார், நானுங்களா?”

“வேற யாரு இருக்கா?”

“நான் ஆட்டுக்கண்ணுதானுங்க சார் அறுத்திருக்கேன்.”

“முந்நூத்திப் பதினாறு அறுத்திருக்கே. எடுப்பா.”

நல்லுசாமியின் நெற்றி வியர்வையை அக்கா மூன்று தடவை துடைத்தாளாம். டாக்டர் அவர் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“இப்ப என்ன தெரியுது, சொல்லு.”

“முனை உள்ளே போயிருச்சுங்க சார்.”

“எங்கே இருக்கு?”

“கண்பாப்பாவுக்கு மேலாகப் போகுதுங்க.”

“அடியில எதையாச்சும் தொடுதா?”

“இல்லைங்க சார்.”

“தொடாதுன்னா பயப்படாதே. அவசரமில்லாமப் போ. அந்தப் பக்கம் வந்தவுடனே சொல்லு.”

இப்படியே இருபத்திரண்டு நிமிஷம். டாக்டருக்கு முன்னெல்லாம் அது ஐந்து நிமிஷ வேலை. புரை மொச்சைப் பருப்பு மாதிரி முழுசாக வெளியே வந்தது. கட்டுப் போட்டதும் ஒச்சம்மாள், “ரெண்டு டாக்டரு சேந்து செஞ்சிருக்கீக, நல்லாத்தேன் இருக்கும்” என்றாள். அப்படியே ஆயிற்று.

அந்த வருஷமே நல்லுசாமி நாற்பது கண் செய்தார். அடுத்து வந்தவர் இரண்டாம் மாதமே கத்தி பிடித்தார். திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் இருக்கிறார், அவர் கத்தியை நம் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார் என்ற பேச்சு எங்கெல்லாமோ போயிற்று. சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இளம் டாக்டர்கள் கடிதம் எழுதினார்கள். இடம் இல்லை என்று பதில் எழுதுவதே எனக்குப் பாதி வேலையாயிற்று. கஸ்பார் டாக்டர் தானாக எதையும் செய்வதில்லை, சொல்வதும் இல்லை, கேள்வி கேட்டே கற்பிக்கிறார் என்று அவர்கள் வியந்தார்கள். ஒவ்வொரு அடியிலும் ‘என்ன தெரியுது’ என்று கேட்பது மாணவனைத் தானே பார்க்கப் பழக்குகிற முறையாம். அவருக்குத் தெரியாததால்தான் கேட்டார் என்பது அக்காவுக்கும் எனக்கும் நல்லுசாமிக்கும் தெரியும். நல்லுசாமி பயிற்சி முடிந்தும் போகாமல் இங்கேயே வேலைக்குச் சேர்ந்துகொண்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1965-இல் மதுரையில் கண் டாக்டர்கள் கூடி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். படி ஏறும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். நாலு பேர் பேசினார்கள். தன் திறமையை மறைத்து இளைஞர்களை முன்னால் நிறுத்துகிறவர் என்றார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். பவுல்ராஜ். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

“சார், நானும் உங்க மாணவன்தான். எங்களுக்கு ஆட்டுக்கண்ணு மட்டும்தான் குடுத்தீங்க. எங்க காலத்துல ஏன் கத்தியைக் குடுக்கலை?”

டாக்டர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“பவுல்ராஜா? அப்ப எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சதுப்பா. தெரியாமப் போனப்புறந்தான் குடுத்தேன்.”

அப்புறம் கைதட்டல் எழுந்தது பாருங்கள், அடங்க வெகுநேரம் ஆயிற்று. பவுல்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் எழுந்து, அகந்தை என்னும் பார்வை மறைந்தால்தான் ஞானம் பிறக்கும் என்று ஐயா ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்றார். டாக்டரும் நானும் ரயிலில் திரும்பினோம். கொடைரோடு தாண்டியதும், “நிஜத்தைத்தானே சொன்னேன், தாஸ்?” என்றார். “நல்லாத் தெளிவாச் சொன்னீங்க, டாக்டர்” என்றேன்.

அடுத்த வருஷம் இடது கண்ணும் முழுக்க மங்கிவிட்டது. இனி ஆபரேஷன் செய்துகொள்ளாமல் முடியாது. யார் செய்வது என்பதுதான் பிரச்சினை. அவர் பயிற்றுவித்த பதினான்கு பேரின் பெயரையும் அக்கா சொன்னாள். ஒருவன் அவசரக்காரன், ஒருவன் தையலை இறுக்கிவிடுவான், ஒருவனுக்கு இடது பக்கம் கை வராது, நல்லுசாமிக்கு விரல் தடிப்பு. பதினான்கு பேரையும் தள்ளிவிட்டார்.

“அப்ப அம்புட்டுப் பேரையும் நம்பி நம்ம சனங்க படுத்தாங்களே, அது எப்படி டாக்டர்?” என்று அக்கா கேட்டாள்.

டாக்டர் மதராஸ் போகிறேன் என்று கிளம்பினார். முன்பின் தெரியாத கை என்றால் அதன் குறை தெரியாது, நிம்மதியாகப் படுக்கலாம் என்பது அவர் எண்ணம். அங்கே பெரிய டாக்டர் அன்போடு வரவேற்றுப் பரிசோதித்தார். பிறகு, தனக்கு வயதாகிவிட்டது, இப்போதெல்லாம் கை நடுங்குகிறது, இங்கே தன் ஆட்கள் சிக்கலான கண் என்றால் திண்டுக்கல் நல்லுசாமியிடம்தான் அனுப்பச் சொல்கிறார்கள் என்றாராம். நாலாம் நாள் டாக்டர் அதே கண்களோடு ஊர் வந்து சேர்ந்தார்.

நல்லுசாமிதான் செய்தார். மருந்து ஊசி போட்டுக் கண் மரத்துப்போனாலும் டாக்டரின் வாய் மரக்கவில்லை. படுத்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் மேலே, கத்தியைச் சாய்க்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நல்லுசாமி கையை எடுத்துவிட்டு நின்றார்.

“சார், நீங்க பேசப் பேசக் கண்ணு அசையுதுங்க. மன்னிச்சுக்கங்க. வாயை மூடிட்டுப் படுங்க.”

பதினைந்து வருஷத்தில் அந்த அறையில் அவரிடம் அப்படிப் பேசிய ஆள் இல்லை. மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பிறகு ஒரு வாரம் தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து, இரண்டு கண்ணையும் கட்டி, அசையாமல் படுக்க வேண்டும். கஞ்சிதான் ஆகாரம். தலையை அசைத்த நோயாளிகளை ஊரே கேட்கத் திட்டியவர் அவர். இரண்டாம் நாளே மூட்டையை நகர்த்தச் சொல்லி அக்காவிடம் கெஞ்சினார். மூன்றாம் நாள் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் இறங்காது என்று கஞ்சியைத் தள்ளினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ரெட்டியார்சத்திரத்து ஆள், “அந்த அப்பு யாருங்க, டாக்டரு பேச்சைக் கேக்கவே மாட்டேங்குறாரு” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி வந்தது. தடித்த சில்லு. போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவர் முதலில் பார்த்தது உத்தரத்து ஒட்டடையை. அடுத்து அல்போன்சா அம்மாவை. “நீ எப்ப இம்புட்டு நரைச்சே?” என்றாராம். அந்த அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஆனால் அந்தக் கண்ணாடியில் எல்லாம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். காப்பி டம்ளரை எடுக்கப் போனால் விரல் காற்றில் மூடும். இனிக் கத்தி பிடிக்க முடியாது என்பதை டம்ளர்தான் அவருக்குச் சொன்னது. வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று முழுவதும் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளி நோயாளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஆபரேஷன் அறைக்கு வந்தார், பழையபடி சொல்லிக்கொடுக்க.

அதுதான் ஆபத்தாக முடிந்தது. இப்போது அவருக்கு எல்லாம் தெரிந்தது. கத்தி அரை நூல் சாய்ந்தாலும் தெரிந்தது. தெரிந்த மாத்திரத்தில் கத்தினார். பையன்களின் கத்தி பாதியில் நின்றது. ஒரு மாதத்தில் இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். முன்பு எவ்வளவு பொறுமையான மனிதர், ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி ஆகிவிட்டாரே என்று வருத்தப்பட்டார்கள். பதினான்கு பேரில் நல்லுசாமிக்குத்தான் குற்ற உணர்ச்சி அதிகம், பார்வையைக் கொடுத்தவர் அல்லவா.

கடைசியில் அக்காதான் பேசினாள். “டாக்டர், ஒங்களுக்குக் கோவம் வராது இல்ல?”

“சொல்லு.”

“நாளையிலேருந்து நீங்க கண்ணாடியக் கழட்டி ஏங்கிட்ட குடுத்துட்டு உள்ள வாங்க.”

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் முனியப்பனின் கண் அவருக்கும் மறந்திருக்காது என்று நினைக்கிறேன். அதைப் பற்றி அவர் என்றைக்கும் பேசியதில்லை. கண்ணாடியைக் கழற்றி அப்போதே அவள் கையில் வைத்தார்.

அதற்கப்புறம் மூன்று வருஷம், 1969 வரைக்கும், காலை எட்டு மணிக்கு அக்காவின் மேலங்கிப் பைக்குள் அந்தத் தடித்த கண்ணாடி போய்விடும். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வரும். அந்த மூன்று வருஷத்தில் இன்னும் ஒன்பது பேர் தேறிப் போனார்கள். டாக்டருக்குக் கண்ணாடி இருந்தும் ஏன் போட்டுக்கொள்வதில்லை என்று புதிதாக வந்த பையன் ஒருவன் ஒருமுறை என்னிடம் கேட்டான். அறைக்குள் ஆவியடித்து மங்கிவிடுகிறது என்று சொல்லிவைத்தேன்.